ஒரு சாவி கையில் இருக்கும்போதே: ஷோரூமா, சாவிக்கடையா?

போன வருடம் ஒரு அமாவாசைக் காலை. பாபநாசம் படித்துறையில் முங்கி எழுந்த அத்தான், துண்டு முனையில் முடிந்து வைத்திருந்த கார் சாவியைத் தேடினார். முடிச்சு அவிழ்ந்து கிடந்தது. சாவி ஆற்றோடு போய்விட்டது.

அக்கா யாரிடமோ போன் வாங்கிக் கூப்பிட்டாள். "ஏ தம்பி, அத்தான் சாவிய தண்ணில விட்டுட்டாவ. மாத்துத் துணி, பர்ஸ், போனு எல்லாம் காருக்குள்ளதான் கெடக்கு. இப்ப என்ன செய்யச் சொல்லுத?"

வீட்டில் இன்னொரு சாவி இருந்தால் நான் பாளையங்கோட்டையிலிருந்து பைக்கை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் போயிருப்பேன். அத்தான் வண்டியைப் பழையதாக வாங்கியவர். விற்றவர் கொடுத்தது ஒரே ஒரு சாவி. நானும் அப்படித்தான் ஒற்றைச் சாவியோடு வண்டி வாங்கினேன். ஆனால் அந்த ஒன்று கையில் இருக்கும்போதே இரண்டாவதைச் செய்துவிட்டேன். இரண்டுமே பட்டன் ஸ்டார்ட் வண்டிகள். எனக்கு 5,500 ரூபாயில், ஒரு பிற்பகலில் முடிந்த வேலை, அத்தானுக்கு 11 நாளும் 30,000 ரூபாய்க்கு மேலும் இழுத்தது. ஷோரூம் நல்லதா, சாவிக்கடை நல்லதா என்று என்னிடம் கேட்கிற எல்லோரையும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: உங்கள் கையில் இப்போது வேலை செய்கிற சாவி எத்தனை?

அதற்குக் காரணம் சாவிக்குள் இருக்கிறது. பட்டன் ஸ்டார்ட் வண்டியோடு வரும் ஸ்மார்ட் கீ என்பது பூட்டைத் திறக்கும் ரிமோட் மட்டும் இல்லை. கைப்பிடியைத் தொட்டதும் கார், பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அலையில், சாவியைக் கூப்பிடுகிறது. அந்த அழைப்பு ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் எட்டாது. நம் ஊர் வண்டிகளில் சாவி பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸில் பதில் சொல்கிறது. பதில் ஒவ்வொரு முறையும் மாறும், அதனால் ஒட்டுக்கேட்டு அப்படியே திருப்பி அனுப்பினால் கார் ஏற்காது. இது போக, இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்புக்கான சிப்பும் உள்ளே இருக்கிறது. அதற்கு பேட்டரியே வேண்டாம். சாவியின் பேட்டரி செத்துப்போனால், பல வண்டிகளில் சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் வண்டி கிளம்புகிறதே, அது இந்தச் சிப்பின் வேலை. எந்தெந்தச் சாவி தன்னுடையது என்று கார் தன் நினைவில் எழுதி வைத்திருக்கிறது. புதுச் சாவி செய்வது என்றால் அந்தப் பட்டியலில் இன்னொரு பெயரைச் சேர்ப்பது. பட்டியலில் உள்ள ஒரு சாவி பக்கத்தில் இருந்தால் பல வண்டிகள் எளிதாக இடம் கொடுக்கும். ஒன்றுமே இல்லாமல் போய் நின்றால், நம்மைத் திருடனாகப் பார்ப்பதுதான் அதன் வேலை.

சரி, இரண்டு இடத்தையும் பார்ப்போம்.

என் வண்டிக்கு முதலில் ஷோரூமில்தான் விசாரித்தேன். ஆர்சி நகல், ஆதார் நகல், கையெழுத்திட்ட ஒரு கடிதம், முழுத் தொகையும் முன்பணம். சேஸிஸ் எண்ணை வைத்துக் கம்பெனியிலிருந்து சாவி வரவழைப்பார்கள், பத்து நாள் ஆகலாம், வந்ததும் வண்டியைக் கொண்டுபோய் விட வேண்டும். கோடிங் கூலியும், அதாவது புதுச் சாவியைக் காரின் பட்டியலில் எழுதும் கூலியும், வரியும் சேர்த்து எனக்குச் சொன்ன தொகை 10,800 ரூபாய். கம்பெனிச் சாவி, பில், கெட்டுப்போனால் போய்க் கேட்க ஒரு இடம், இந்த மூன்றும் கிடைக்கும். வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும் வண்டி என்றால் நான் மறுபேச்சில்லாமல் இங்கேதான் போகச் சொல்வேன். வெளியில் செய்துவிட்டு நாளைக்கு வயரிங்கில் ஏதாவது கோளாறு வந்தால், "வெளியில் கை வைத்திருக்கிறீர்கள்" என்ற ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட முடியும்.

என் வண்டிக்கு வாரண்டி முடிந்து வெகு நாளாகியிருந்தது. அதனால் டவுனில் இருக்கும் ஒரு சாவிக்கடைக்குப் போனேன். பூட்டுச் சாவி ராவுவதில் தொடங்கி, இருபது வருடமாக அதே இடத்தில் கடை வைத்திருப்பவர். நான் உட்காரும் முன் கேட்ட முதல் கேள்வி, "ஆர்சி கொண்டாந்திருக்கியளா அண்ணாச்சி?" அந்தக் கேள்விக்காகவே அவரை நம்பினேன். இதை அழுத்திச் சொல்கிறேன்: ஆர்சி கேட்காத சாவிக்காரரிடம் வண்டியை விடாதீர்கள். உங்களிடம் கேட்காதவர், நாளை உங்கள் வண்டியோடு வருகிற வேறு ஆளிடமும் கேட்க மாட்டார்.

அவர் வேலை செய்த விதத்தைப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். முதலில் பானட்டைத் திறந்து கார் பேட்டரியில் ஒரு சார்ஜரை மாட்டினார். கோடிங் நடுவில் வோல்டேஜ் இறங்கினால் எழுதிக்கொண்டிருப்பது பாதியில் நின்று, இருக்கிற சாவியும் வேலை செய்யாமல் போகலாம் என்றார். அப்புறம் ஸ்டீயரிங்குக்குக் கீழே, பழுது பார்க்கும் கருவியை மாட்டுவதற்காக இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் வயரைச் செருகி, கையிலிருந்த டேப்லெட்டில் வண்டியின் மாடல், வருடம் தேர்ந்தெடுத்தார். திரையில் பதிவான சாவி 1 என்று காட்டியது. பழைய சாவியை ஸ்டார்ட் பட்டனில் வைக்கச் சொன்னது, வைத்தார். டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு கொஞ்ச நேரம் கண் சிமிட்டியது. அடுத்து புதுச் சாவியை வைத்தார். விளக்கு அணைந்தது, திரையில் 2 வந்தது. கோடிங்குக்கு ஆன நேரம் கால் மணிதான். மீதி நேரமெல்லாம் உள்ளே செருகும் இரும்புச் சாவியை வெட்டுவதில் போனது.

அந்த இரும்புச் சாவியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கார் பேட்டரி இறங்கிவிட்டால் எந்த ஸ்மார்ட் கீயும் கதவைத் திறக்காது. ஸ்மார்ட் கீயின் வயிற்றிலிருந்து உருவும் அந்தச் சின்னத் தகடுதான் திறக்கும். சில கடைகளில் அதை வெட்டாமல் மொட்டையாகவே செருகிக் கொடுத்துவிடுகிறார்கள். பார்த்து வாங்குங்கள், கதவில் போட்டுத் திருப்பிப் பாருங்கள்.

சாவிக்கடையின் குறையையும் சொல்ல வேண்டும். அவர் போட்டது கம்பெனிச் சாவி இல்லை, வெளிக் கம்பெனித் தயாரிப்பு. என் பழைய சாவி தெருமுனையிலிருந்தே பூட்டும், புதியது வீட்டு வாசலிலிருந்துதான் பூட்டுகிறது. பட்டனும் கொஞ்சம் லொடலொடப்பு. பேட்டரியை ஏழெட்டு மாதத்தில் ஒருமுறை மாற்றினேன். 5,500 ரூபாய்க்கு இதை நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை, மாற்றுச் சாவி அலமாரியில் கிடக்கத்தானே போகிறது. தினமும் கையாளுகிற முதல் சாவியாக இது வேண்டும் என்றால் யோசிப்பேன்.

இனி அத்தான் கதை. அதே சாவிக்காரர் பைக்கில் பாபநாசத்துக்கே வந்தார். ஷோரூமில் இது நடக்காது, வண்டிதான் அவர்களிடம் போக வேண்டும். வந்தவர் கண்ணாடியை உடைக்காமல், கதவுப் பூட்டில் மெல்லிய கருவி ஒன்றை விட்டுப் பத்து நிமிடத்தில் திறந்துவிட்டார். அக்காவுக்கு மாற்றுத் துணி கிடைத்தது, அன்றைக்கு அதுவே பெரிது. ஓபிடியில் வயரைச் செருகி அரை மணி நேரம் பார்த்தார். அப்புறம் கருவியை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, இந்த மாடலுக்கு ஒரு சாவிகூட இல்லாம இந்த மிஷின் உள்ள விட மாட்டேங்கு. மேக்கொண்டு போவணும்னா டேஷைக் கழட்டி, சாவிப் பட்டியல் இருக்க யூனிட்டை வெளிய எடுத்து எழுதணும். சரியா வந்தா வந்துச்சு. இல்லைன்னா யூனிட்டே போயிரும். ஷோரூமுக்குக் கொண்டு போயிருங்க."

வந்த கூலி 1,500 மட்டும் வாங்கிக்கொண்டார். தெரியாத வேலையில் கை வைக்காத அந்தக் குணத்துக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். வேறொருவர் கழற்றிப் பார்த்திருக்கலாம்.

அன்றே விக்கிரமசிங்கபுரம் காவல் நிலையத்தில் சாவி தொலைந்ததாக எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கினோம். ஷோரூமில் முதலில் கேட்டதும் அதைத்தான். ஆட்டோ கியர் வண்டி, கியர் பி-யில் (பார்க்கிங்கில்) நின்றது, ஸ்டீயரிங்கும் பூட்டிக் கிடந்தது. கயிறு கட்டி இழுக்க வழியில்லை. மேலே ஏற்றிக் கொண்டுபோகிற ரெக்கவரி வண்டி வந்து திருநெல்வேலிக்கு எடுத்துப்போக 5,000 ரூபாய். சாவி இரண்டு வாங்கியே ஆக வேண்டும் என்றார்கள், வாங்கினோம். பழைய சாவியைப் பட்டியலிலிருந்து நீக்கி, புதியவை இரண்டையும் ஏற்றிக் கொடுக்க 11 நாள். இடையில் தவறான சாவி ஒன்று வந்து திரும்பிப் போனதில் நான்கு நாள் வீண். அக்கா நான்கு முறை பஸ் ஏறிப் போய்க் கேட்டிருக்கிறாள், ஒருவரும் போன் செய்து சொல்லவில்லை. அந்த அலட்சியத்தை நான் மன்னிக்கவில்லை. ஆனாலும் வேலை சுத்தம். எல்லாச் சாவியும் போன வண்டிக்கு இன்றும் ஷோரூமைத்தான் சொல்வேன்.

ஆன்லைனில் சாவி வாங்கி, உள்ளூரில் கோடிங் மட்டும் போட்டுக்கொள்வது மூன்றாவது வழி. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஒரே பெயரில் ஓடுகிற வண்டிக்கே வருடம் மாறினால் உள்ளே சிப் மாறியிருக்கும். வெளித்தோற்றம் ஒன்றாக இருப்பதைப் பார்த்து வாங்கினால் கார் அதைக் கண்டுகொள்ளாது. வேறு வண்டியில் ஓடிய பழைய சாவி என்றால் இன்னும் மோசம். பல கம்பெனிச் சாவிகள் ஒரு வண்டியில் ஏறியதும் அதனோடு பூட்டிக்கொள்ளும். விற்பவருக்கே அது தெரியாமல் இருக்கலாம். எப்படியும் வாங்குவேன் என்றால், பழைய சாவியின் பின்புறமோ உள்ளே போர்டிலோ இருக்கும் எண்ணைச் சாவிக்காரரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள். கோடிங் போட்ட பிறகு எந்தக் கடையும் திருப்பி எடுக்காது.

சாவி தொலையவில்லை, வேலைதான் செய்யவில்லை என்றால் செலவே வேறு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. ஆணியில் தொங்கிய சாவிகளும் சேற்றோடு ஊறின. பக்கத்து வீட்டுச் சித்தப்பா ஷோரூமில் கேட்டபோது புதுச் சாவி என்ற ஒரே பதில். ஷோரூமில் சாவியைப் பழுது பார்ப்பது வழக்கமில்லை, மாற்றித்தான் தருவார்கள். சாவிக்கடையில் அதைப் பிரித்து, பேட்டரியை எடுத்துப் போட்டு, போர்டை ஸ்பிரிட்டில் பிரஷ்ஷால் கழுவி, இரண்டு நாள் நிழலில் காயவைத்து, துருவேறிய பட்டன் சுவிட்சை மாற்றிப் பற்றவைத்துக் கொடுத்தார்கள். 400 ரூபாய். இன்றும் ஓடுகிறது. பல சாவிகளில் சிஆர்2032 என்ற காசு வடிவ 3 வோல்ட் பேட்டரிதான் இருக்கும். பேட்டரியையே மாற்றிப் பார்க்காமல் புதுச் சாவிக்குப் பணம் கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

மேல் கூடு உடைந்தால் கூடு மட்டும் கிடைக்கும். அங்கே ஒரு எச்சரிக்கை. மடக்குச் சாவி, பழைய ரிமோட் சாவி வகைகளில் இம்மொபிலைசர் சிப் பல நேரம் போர்டில் இருக்காது. பழைய கூட்டின் ஓரத்தில் அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புத் துண்டாகத் தனியே செருகியிருக்கும். போர்டை மட்டும் புதுக் கூட்டுக்கு மாற்றிவிட்டுப் பழைய கூட்டைக் குப்பையில் போட்டால் கதவு திறக்கும், வண்டி கிளம்பாது.

எங்கே செய்தாலும் பணம் கொடுக்கும் முன் கடை வாசலிலேயே இவற்றைப் பாருங்கள். பழைய சாவியைத் தூரத்தில் யாரிடமாவது கொடுத்துவிட்டு, புதியதை மட்டும் வைத்து நான்கு கதவும் டிக்கியும் திறக்கிறதா என்று. பிறகு புதியதிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்தால் வண்டி கிளம்புகிறதா என்று. கடைசியாகப் பழைய சாவியும் இன்னும் வேலை செய்கிறதா என்று. கோடிங் போடும்போது பக்கத்தில் இல்லாத சாவி சில வண்டிகளில் பட்டியலிலிருந்து அழிந்துபோகும். அதனால் வீட்டில் இருக்கும் எல்லாச் சாவியையும் கொண்டு போங்கள். திரையில் வருகிற எண்ணிக்கையையும் கேளுங்கள். உங்கள் கையில் இரண்டு, திரையில் மூன்று என்றால் அந்த மூன்றாவது யாரிடம் இருக்கிறது? பழைய வண்டி வாங்கியவர்கள் அதை அழிக்கச் சொல்லிவிடுவது நல்லது.

பில்லைப் பத்திரப்படுத்துங்கள். வண்டி திருடு போனால் இன்சூரன்ஸ்காரர்கள் எல்லாச் சாவியையும் கேட்பார்கள். ஒன்று குறைந்தால் எப்போது, எப்படிப் போனது என்று காட்டக் காகிதம் வேண்டும். சாவிக்கு என்று தனி ஆட்-ஆன் கவரும் பாலிசியில் சேர்க்கலாம். அத்தானிடம் அது இருந்திருந்தால் செலவில் ஒரு பகுதி திரும்ப வந்திருக்கும்.

அத்தானின் இரண்டாவது சாவி இப்போது எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. பேட்டரியைக் கழற்றித் தனியே ஒரு காகிதத்தில் மடித்து, சாவியோடு வந்த எண் பொறித்த சின்னத் தகட்டையும் அதோடு ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன். என் வண்டியின் இரண்டாவது சாவி அக்கா வீட்டில்.