செவ்வாய் மண்ணுக்கடியில் பனி: ஆவியாகப் புகுந்ததா, மேலிருந்து பொழிந்ததா?

காசிமேட்டில் நான் மாலை வகுப்பு எடுக்கும் பிள்ளைகளுக்கு அறிவியல் கண்காட்சியில் செவ்வாய் கிரகத்தை வைக்க ஆசை. அதன் நடு அட்சரேகைகளில், அதாவது நடுக்கோட்டுக்கும் துருவத்துக்கும் இடைப்பட்ட பகுதிகளில், மண்ணுக்கடியில் பனிக்கட்டி வந்த விதத்துக்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. மேசையிலோ ஒன்றுக்குத்தான் இடம். நான் பனிப்பொழிவைத் தேர்ந்தெடுத்தேன்.

இரண்டுக்கும் ஆணிவேர் ஒன்றுதான். நம் பூமியின் அச்சுச் சாய்வை நிலா பிடித்து வைத்திருக்கிறது, 22.1 முதல் 24.5 பாகைக்குள்தான் அசையும். செவ்வாய்க்கு அப்படியொரு பெரிய நிலா இல்லை. இன்று சுமார் 25 பாகையில் நிற்கும் அதன் சாய்வு, கடந்த ஒரு கோடி ஆண்டுகளில் ஏறத்தாழ 15-க்கும் 45-க்கும் இடையே ஆடியிருக்கிறது. சாய்வு கூடும்போது துருவத்தில் கோடை வெயில் உறைக்கும்; அங்குள்ள பனி ஆவியாகிக் கிளம்பும்.

அந்த ஆவி மண்ணின் இடுக்குகளில் புகுந்து உறைகிறது என்பது முதல் விளக்கம். 2002-இல் ஒடிசி விண்கலம் காட்டிய பனியின் எல்லை இதோடு நன்றாகவே பொருந்துகிறது. இன்று பனி எந்த ஆழத்தில் நிலைக்கும் என்பதற்கு இதுவே நல்ல பதில்.

எவ்வளவு பனி என்று கேட்டால்தான் இடிக்கிறது. ஒரு டம்ளர் நிறைய உலர்ந்த மணலில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்; அரை டம்ளர்கூடப் பிடிக்காது. இடுக்கு அவ்வளவுதான். ஆனால் 2018-இல் வெளியான ஆய்வு, செவ்வாயின் எட்டுச் செங்குத்துச் சரிவுகளில் கிட்டத்தட்டத் தூய பனியைக் காட்டியது. மேல்மண்ணுக்கு ஓரிரு மீட்டர் கீழே தொடங்கி, சில இடங்களில் 100 மீட்டருக்கும் மேல் கனம். இடுக்கில் ஒதுங்கிய ஆவி இதைச் சேர்த்திருக்கும் என்று என்னால் ஏற்க முடியவில்லை. சாய்வு கூடிய காலத்தில் அடுக்கடுக்காகப் பொழிந்த பனி என்றால் சரி. சாய்வு குறைந்து பனி மறுபடி ஆவியாகும்போது, அதில் கலந்திருந்த தூசி மேலே தங்கி, ஐஸ் பாருக்குப் போர்த்திய சாக்கு மாதிரி மிச்சத்தைக் காக்கிறது.

இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்களில் செய்து பார்த்தோம். ஒன்றில் ஈர மணலை உறைய வைத்தோம். மற்றதில் மீன்பிடித் துறைமுகத்துத் தூள் ஐஸை அமுக்கி, மேலே விரல் கனத்துக்கு மணல் பரப்பினோம். கரைந்ததும் முதல் டப்பாவில் மணல் மட்டம் அப்படியே இருந்தது. இரண்டாவதில் மணல் அடிக்கே இறங்கிவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த மீன்காரக்கா, “ஐஸ் போனா மேல இருக்கறது எறங்கத்தானே தம்பி செய்யும்?” என்றார். செவ்வாயின் யுடோபியா சமவெளியில் கரண்டியால் அள்ளியது போன்ற பள்ளங்கள் இருக்கின்றனவே, அவையும் இப்படித்தான்: அடியிலிருந்த பனி ஆவியாகிப் போக, நிலம் உள்வாங்கியது.

டப்பா சோதனையை இதற்கு மேல் இழுக்க மாட்டேன். செவ்வாயின் காற்றழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே பனி உருகாமல் நேரே ஆவியாகும். மண்ணுக்குள்ளேயே பனி வில்லைகளாக வளர்ந்து மண்ணை விலக்க முடியும், அப்படியானால் இடுக்கு கொள்வதைவிட அதிகப் பனி சேரலாம் என்ற வாதமும் இருக்கிறது. 2008-இல் ஃபீனிக்ஸ் கலம் தோண்டியபோது ஒரு குழியில் வெள்ளை வெளேரென்ற பனி, இன்னொன்றில் மண்ணோடு கலந்த பனி. இரண்டும் கலத்தின் இயந்திரக் கைக்கு எட்டும் தூரத்தில். அதனால் ஈர மணல் டப்பாவைத் தூக்கிப்போடவில்லை. கண்காட்சியன்று அது மேசைக்கு அடியில் இருக்கும். யாராவது கேட்டால் எடுத்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.