சேணம் பூட்டிய பிறகுதான் குதிரை கண்ணில் படுகிறது

"நீ போற குதிரையேற்றப் பள்ளியில என் பொண்ணைச் சேர்க்கலாமா? அவ தம்பிக்கும் அங்கேயே ஏதாவது செய்வாங்களா?" என்று தோழி வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள். பதில் நீண்டுவிட்டதால் இங்கே எழுதுகிறேன்.

பயிற்றுநர் அருமையானவர். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதை மைதானத்தின் அந்தக் கோடியில் நின்றே கண்டுபிடித்துவிடுவார். நமக்கு உடம்பு இறுகினால் குதிரைக்கும் முதுகு இறுகும் என்பதை அவரிடம்தான் கற்றேன். எனக்குத் தரும் குதிரை சிங்கப்பூரின் கிராஞ்சி குதிரைப் பந்தயத் திடலில் ஓடி ஓய்வுபெற்றது. அங்கே 2024 அக்டோபர் 5ஆம் தேதியோடு பந்தயமே முடிந்துவிட்டது. ஓடிப் பழகிய இந்தக் குதிரை, கடிவாளத்தைப் பிடித்துத் தொங்கினால் நிற்காது, இன்னும் வேகமெடுக்கும். சேணத்தில் அழுந்த உட்கார்ந்து, மூச்சை விட்டு, கையைத் தளர்த்தினால் நிற்கும். அப்படி அது முதன்முதலாக நின்ற அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

என் ஆத்திரமெல்லாம் ஒரே விஷயத்தில்தான். குதிரை எப்போதும் சேணம் பூட்டியே வருகிறது. முக்கால் மணி நேரம் ஓட்டுகிறோம், இறங்குகிறோம், அடுத்த பிள்ளை ஏறுகிறது. அதைத் தேய்த்துவிட்டதில்லை, குளம்பைத் தொட்டதில்லை. கேட்டால் நேரமில்லை, பாதுகாப்பு என்கிறார்கள். குதிரைப் பராமரிப்புக்குத் தனி வகுப்பாம், தனிக் கட்டணமாம்!

ஒருநாள் எனக்கு அடுத்து வரவேண்டியவர் வரவில்லை. லாயத்தில் வேலை பார்க்கும் தமிழ்நாட்டு அண்ணன் குதிரையின் முன்னங்காலைத் தூக்கி என்னிடம் காட்டினார். குளம்பின் நடுவே வி வடிவத்தில் மெத்தென்று ஒரு பகுதி. அதன் இரு பக்கப் பள்ளங்களிலும் அடைந்திருந்த மண்ணை இரும்புக் கொக்கியால் குதிகால் பக்கமிருந்து நுனி நோக்கிச் சுரண்டினார். "மோந்து பாருங்க அக்கா. நாத்தம் அடிச்சா அழுகல் ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம். இந்த ஊரு ஈரத்துக்கு தெனமும் பாக்கணும்" என்றார். சேணத்தின் வயிற்றுவாரைப் பற்றியும் சொன்னார். "காத்தை உள்ள புடிச்சு வயித்தை உப்பிக்கும். ரெண்டு சுத்து நடக்கவிட்டு அப்புறம் இறுக்கணும், இல்லன்னா சேணம் சரிஞ்சுரும்." மாதக்கணக்கில் காசு கட்டிப் படித்தவளுக்கு இதை வகுப்பில் ஒருவரும் சொல்லவில்லை. விழாமல் இருக்க முதலில் தெரியவேண்டியதே இதுதானே?

அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. இங்குள்ள புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுபோகும், உடம்புச் சூடு இறங்காது. அதனால் நடுப்பகலில் ஓட்ட முடியாது. காலையிலும் மாலையிலும் வகுப்புகளை நெருக்கித்தான் வைக்கவேண்டும். போதாக்குறைக்கு இடி மின்னல் எச்சரிக்கை வந்தால் எல்லாம் நின்றுவிடும். அப்படி நிற்கிற நேரத்திலாவது எங்களை லாயத்துக்குள் விடலாமே! காத்திருப்புக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

தம்பி விஷயம் வேறு. அவனைப் போலப் பெருமூளை வாதம், அதாவது மூளைப் பாதிப்பால் உடலசைவு சரியாக வராத நிலை உள்ள பிள்ளைக்கு, ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி பொருந்தாது. உடற்குறையுள்ளோருக்குக் குதிரையேற்றத்தையே சிகிச்சையாகத் தரும் ரைடிங் ஃபார் தி டிசேபிள்டு அசோசியேஷன் என்ற அமைப்பு 1982 முதல் இங்கே இருக்கிறது. கட்டணம் வாங்குவதில்லை. இத்தகைய சிகிச்சையில் ஒருவர் குதிரையைப் பிடித்து நடத்துவார், பக்கத்துக்கு ஒருவராகத் தொண்டூழியர்கள் கூடவே நடப்பார்கள். குதிரை நடக்கும்போது உட்கார்ந்திருப்பவரின் இடுப்பு முன்பின்னாக, பக்கவாட்டில், லேசாகத் திரும்பி என மூன்று விதமாக அசையும். நாம் நடக்கும்போது இடுப்பு அசைவதும் ஏறக்குறைய அப்படித்தான். நடக்கச் சிரமப்படும் பிள்ளையின் உடம்புக்கு அந்த அசைவு கிடைக்கிறது. இடுப்பு மூட்டு விலகல், கட்டுக்குள் வராத வலிப்பு இருந்தால் ஏற்றக்கூடாது என்பார்கள், ஆகவே முதலில் மருத்துவரைக் கேள். பெருமூளை வாதத்தோடு காதும் கேளாத லாரன்ஷியா டான் 2008 பெய்ஜிங் உடற்குறையுள்ளோர் ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் இரண்டு வெண்கலம் வென்றார். உடற்குறையுள்ளோர் ஒலிம்பிக்கில் சிங்கப்பூருக்குக் கிடைத்த முதல் பதக்கங்கள் அவை.

பெண்ணுக்கு? இவ்வளவு நல்ல பயிற்றுநரை வைத்துக்கொண்டும் சொல்கிறேன், என் பள்ளியில் சேர்க்காதே. பார்க்கப் போகிற இடத்தில் ஒரே ஒரு கேள்வி கேள்: ஏறுவதற்கு முன் கால் மணி நேரம் பிள்ளை குதிரையோடு லாயத்தில் இருக்கலாமா? இருக்கலாம் என்றால் கட்டணம் கொஞ்சம் கூடுதலானாலும் அங்கேயே சேர்த்துவிடு.