பெல்ட் சிவிடியா, இ-சிவிடியா: நடுத்தர செடான்களில் எது நீடித்து உழைக்கும்?

புதிதாக நடுத்தர செடான் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "சிவிடி தாங்குமா?" என்றுதான். படிப்படியான கியர்கள் இல்லாமல் விகிதத்தைத் தொடர்ச்சியாக மாற்றும் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிதான் சிவிடி. எந்த சிவிடி என்று சேர்த்துக் கேட்டால்தான் உருப்படியான பதில் கிடைக்கும். நிசான் ஆல்டிமாவிலும் ஹோண்டா அக்கார்டு 1.5 டர்போவிலும் இருப்பது எஃகு பெல்ட்டும் இரண்டு கூம்புப் புல்லிகளும். டொயோட்டா கேம்ரி ஹைபிரிடிலோ பெல்ட்டே கிடையாது.

பெல்ட் வகை ஏன் கெடுகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். எஃகு வளையங்களில் நெருக்கமாகக் கோத்த நூற்றுக்கணக்கான மெல்லிய எஃகுத் தகடுகள்தான் அந்த பெல்ட். தகடுகளின் ஓரம் புல்லியின் சரிவைப் பிடிக்கும் பிடியில்தான் எஞ்சினின் இழுவை முழுவதும் சக்கரத்துக்குப் போகிறது. பிடியைத் தருவது ஆயில் அழுத்தம், அதை அளந்து விடுவது வால்வு பாடி. அழுத்தம் ஒரு கணம் குறைந்தாலும் பெல்ட் வழுக்கும், புல்லியில் கீறல் விழும். உதிர்ந்த இரும்புத் தூள் ஆயிலோடு சுற்றி வந்து வால்வுகளைச் சிக்க வைக்கும், அழுத்தம் இன்னும் குறையும். இந்தச் சுழற்சி தொடங்கிவிட்டால் ஆயில் மாற்றி நிறுத்த முடியாது. பெரும்பாலும் கியர் பெட்டியையே மாற்ற வேண்டியிருக்கும், ஏனென்றால் இதைப் பிரித்துச் சீர்செய்யும் பட்டறைகள் குறைவு.

ஆல்டிமாவின் கெட்ட பெயர் காரணமில்லாமல் வந்ததல்ல. 2013 முதல் 2016 வரையிலான மாடல்களுக்கு அமெரிக்காவில் நிசான் சிவிடி வாரண்டியை 60 மாதம் / 60,000 மைலில் இருந்து 84 மாதம் / 84,000 மைலாக நீட்டித்தது. மிதமான வேகத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதிக்கும்போது வண்டி நடுங்குவதுதான் முக்கியப் புகார். இந்த நடுக்கத்துக்கென்றே வண்டியின் கணினி பதிவு செய்யும் இரண்டு பழுதுக் குறியீடுகள் (கோடு) உண்டு. பி17எஃப்1 வந்தால் பெல்ட்டைச் சிறு கேமரா விட்டுப் பார்ப்பார்கள். வழுக்கிய தடம் இல்லையென்றால் வால்வு பாடியை மாற்றினால் போதும். பி17எஃப்0 வந்தால் பெட்டியே போக வேண்டியதுதான். 2019-இல் வந்த தலைமுறை வேறு வண்டி என்றாலும் அடிப்படை அதே பெல்ட்தான். பத்து வருடம் வைத்திருக்க நினைப்பவருக்கு இந்தப் பட்டியலில் கடைசி இடம்தான் தருவோம்.

அக்கார்டு 1.5 டர்போவின் சிவிடி இதைவிட நல்ல பெயர் எடுத்தது. ஆனால் 260 நியூட்டன் மீட்டர் டார்க் (எஞ்சினின் சுழற்று விசை) குறைந்த ஆர்பிஎம்மிலேயே முழுதாக வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் ஓட்டும் பக்கத்துப் புல்லியில் பெல்ட் மிகச் சிறிய வட்டத்தில் வளைந்திருக்கும், பளு அங்கேதான் அதிகம். நின்ற இடத்திலிருந்து முழு மிதி மிதித்துக் கிளம்பும் பழக்கம் உள்ளவர்கள் இதை வாங்காமல் இருப்பது நல்லது. சுபாரு லெகசியில் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி. 2010–2015 மாடல்களுக்கு அங்கும் வாரண்டி நீட்டிப்பு வந்தது. 2025 மாடலோடு அந்த வண்டியே நின்றுவிட்டது.

கேம்ரி 2025 மாடலிலிருந்து அமெரிக்காவில் ஹைபிரிடாக மட்டுமே வருகிறது. அதன் இ-சிவிடியில் ஒரு பிளானட்டரி கியர் தொகுதியும் (நடுப் பற்சக்கரத்தைச் சுற்றிச் சிறு பற்சக்கரங்கள் சுழலும் அமைப்பு) இரண்டு மோட்டார்களும் இருக்கின்றன. பற்சக்கரங்கள் எப்போதும் கோத்தே இருக்கும். மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே விகிதம் மாறுகிறது. வழுக்குவதற்கு பெல்ட்டும் இல்லை, டார்க் கன்வெர்ட்டரும் இல்லை. அக்கார்டு ஹைபிரிட் இன்னொரு வழி: பெரும்பாலும் மோட்டாரே ஓட்டும், நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு கிளட்ச் எஞ்சினைச் சக்கரத்தோடு பூட்டும். நீண்ட காலத்துக்கு எங்கள் தேர்வு இந்த இரண்டும்தான். இவற்றில் கவனிக்க வேண்டியது பேட்டரி. பின் சீட்டின் கீழுள்ள காற்று நுழைவாயிலைத் துணி, பை வைத்து அடைக்கக் கூடாது. அங்கே தூசி சேர்ந்தால் பேட்டரி சூடேறும்.

ஹைபிரிடும் வேண்டாம், பெல்ட்டும் வேண்டாம் என்பவருக்கு ஹைபிரிட் அல்லாத ஹூண்டாய் சொனாட்டாவின் 8 கியர் ஆட்டோமேட்டிக் இருக்கிறது. பெரும்பாலான ஆட்டோமேட்டிக் மெக்கானிக்குகளுக்குப் பழக்கமான அமைப்பு.

பெல்ட் வண்டியே வாங்கினால் 50,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் மாற்றுங்கள். வெயில், மலைப்பாதை, நெரிசல் என்றால் இன்னும் முன்பே. நிசானுக்கு என்எஸ்-3, ஹோண்டாவுக்கு எச்சிஎஃப்-2. ஒன்றுக்கு மற்றொன்று ஆகாது, சாதாரண ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலான ஏடிஎஃப் ஊற்றினால் பெல்ட்டின் பிடியே போய்விடும். வடித்து ஊற்றும்போது பழைய ஆயிலில் ஒரு பங்கு உள்ளேயே தங்கும். அளவு பார்ப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஓவர்ஃப்ளோ பிளக் உள்ள பெட்டியில் வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், எஞ்சின் ஓட வேண்டும், ஆயில் சுமார் 40 டிகிரியில் இருக்க வேண்டும். லீவரை எல்லா நிலைக்கும் ஒரு முறை நகர்த்திவிட்டு பிளக்கைத் திறந்தால், ஒழுக்கு சொட்டாகக் குறையும் நேரத்தில் மூடுவதே சரியான அளவு. பெட்டியின் அடியிலுள்ள ஆயில் தட்டான சம்ப்பின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருப்பது இயல்பு. விரலில் நெருடும் செதில் தட்டுப்பட்டால் புல்லியோ பெல்ட்டோ தேயத் தொடங்கிவிட்டது.

பழைய பெல்ட் சிவிடியை ஓட்டிப் பார்க்கும்போது அரை மணி நேரம் ஓட்டிச் சூடேற்றியபின் 40–60 கிலோமீட்டர் வேகத்தில் மெல்ல மிதியுங்கள். நடுங்கினாலோ, மேட்டில் ஆர்பிஎம் ஏறியும் வண்டி நகர மறுத்தாலோ, ஸ்கேனர் போட்டுக் கோடு பார்க்காமல் விலை பேச வேண்டாம்.