கையில ஒட்டுற சுகர் சென்சார், மூணு மாசம் போட்டுப் பாத்துட்டு எழுதுறேன்

டைப் 2 சுகர் வந்து ஏழு வருஷம் ஆச்சு. விரல் நுனியெல்லாம் குத்திக் குத்தி காய்ச்சுப் போச்சுன்னு இங்க சிங்கப்பூர் பாலிகிளினிக்ல நர்ஸ்கிட்ட பொலம்பினப்ப அவங்கதான் இத சொன்னாங்க. பிராண்ட் பேரு போடல, விளம்பரம்னு யாரும் கெளப்ப வேணாம்.

ஒட்டுறதுல ஒண்ணும் கஷ்டமில்ல, மேல்கையில அமுக்குனா ஒரு டக், அவ்ளோதான். ஒரு மணி நேரம் கழிச்சு போன்ல நம்பர் வர ஆரம்பிக்கும், பதினாலு நாள் ஓடும். நம்பர விட பக்கத்துல வர்ற அம்புதான் மேட்டரே. 6.4னு (இங்க மில்லிமோல் கணக்கு) பாத்து சந்தோசப்பட்டா, அம்பு நேரா கீழ பாக்குதுன்னா கொஞ்ச நேரத்துல 4க்கு கீழ போயி கை நடுங்கும். இப்பல்லாம் என் வீட்டுக்காரி "சாப்டீங்களா"ன்னு கேக்குறதே இல்ல, "அம்பு எந்தப் பக்கம்?"தான். எட்டு வயசுப் பையன் தங்கச்சிகிட்ட "அப்பாவுக்கு அம்பு கீழ, இப்ப எதுவும் கேக்காத"ங்கறான்!

ஊர்ல அம்மாவுக்கும் சுகர். அவங்க மீட்டர்ல மில்லிகிராம் கணக்கு, இங்க மில்லிமோல். மொத வாட்டி போன்ல 7.8னு சொன்னேன் பாருங்க, "ஏன் தம்பி, ஒடம்புல ஒண்ணுமே இல்லயா"ன்னு அழுதுட்டாங்க. பதினெட்டால பெருக்குனா 140ம்மான்னு புரிய வைக்கறதுக்குள்ள எனக்கே சுகர் லோ ஆயிடும் போல. இப்ப நான் ஹலோ சொல்றதுக்கு முன்னாடியே "பெருக்கிச் சொல்லு"ங்கறாங்க.

கோப்பிக்கடையில பெருசுங்க "கோப்பி ஓ கோசோங்"னு கேக்கும்போது சிரிச்சவன் நான், இப்ப அங்கிள் என்னைப் பாத்ததும் அவரே கோசோங் போட்டுடறாரு. கோசோங்னா மலாய்ல காலின்னு அர்த்தம், அதாவது சீனி இல்லாம, எங்க வீட்டுல தீபாவளி அதிரசத்துல என் பங்குக்கும் அதே பேருதான். 2022 டிசம்பர் 30லேர்ந்து பாக்கெட் பானத்துல சீனி, கொழுப்பு பாத்துப் போடற ஏ பி சி டி கிரேடு இருக்கே (டி தான் மோசம்), அத பசங்க மனுசங்களுக்கே போட ஆரம்பிச்சுட்டாங்க, கடன் வாங்கித் திருப்பாத ஒரு மாமா வீட்டுல டி கிரேடு.

சரி, குறைக்கு வர்றேன். ராத்திரி மூணு மணிக்கு அலாரம், 3.1, வீடே எழுந்திருச்சு, வீட்டுக்காரி ரிபேனா ஜூஸ வாயில ஊத்தறா, அப்புறம் விரல குத்திப் பாத்தா அதுக்குள்ள 9 தாண்டி நிக்குது. என்னன்னா அந்தக் கை மேலயே படுத்துருக்கேன், சென்சார் அமுங்குனா பொய்யா லோ காட்டும். அதோட இது ரத்தத்த அளக்கல, தோலுக்கு அடியில இருக்குற நீரத்தான் அளக்குது, அதனால சாப்ட ஒடனே அஞ்சு பத்து நிமிசம் பின்தங்கித்தான் வரும். ஒடம்பு ஒண்ணு சொல்லி போன் வேற சொன்னா மறுபடி விரல்தான், ஊசிய தூக்கிப் போட்டுடாதீங்க.

நம்ம ஊரு வேர்வைக்கு பசை தாங்கல, ஒம்பதாவது நாளே ஓரம் பேந்துடுச்சு. கஸ்டமர் சர்வீஸுக்கு அடிச்சா பெட்டியில இருக்குற சீரியல் நம்பர் வேணுமாம். பெட்டி என்னிக்கோ மாடியிலேர்ந்து குப்பை போடற குழாய்ல போயிடுச்சு, நாப்பது நிமிசம் பேசியும் ரீப்ளேஸ்மென்ட் இல்ல.

அஞ்சுக்கு மூணரை. வெல வேற கடிக்குது, அதனால மாசம் ஒண்ணுதான் போடறேன். வாங்குனா பதினாலு நாள் முடியற வரைக்கும் பெட்டிய பத்திரமா வைங்க.