புழுவெட்டு: ஊசியா, மாத்திரையா, காத்திருப்பதா?

தலையில் வட்ட வட்டமாக முடி கொட்டும் புழுவெட்டு வந்த பலர் முதலில் வழுக்கைக்கான மருந்துகளைத்தான் தேடிப் போகிறார்கள். அது வேறு நோய். பரம்பரை வழுக்கையில் ஹார்மோனின் தாக்கத்தால் மயிர்க்கால்கள் வருடக்கணக்கில் சிறுத்துக்கொண்டே போகும். புழுவெட்டில் உடம்பின் எதிர்ப்பு அணுக்களே மயிர்க்காலைத் தாக்குகின்றன, ஆனால் மயிர்க்கால் சாவதில்லை. பல ஆண்டு கழித்துக்கூட முடி திரும்ப முளைப்பது அதனால்தான். எனவே பரம்பரை வழுக்கைக்குத் தரும் ஃபினாஸ்டிரைடு மாத்திரை இதற்குப் பயன்படாது. நோய் அடங்காத நிலையில் முடி மாற்று சிகிச்சை செய்தால், நட்ட முடியும் உதிரலாம்.

எந்த சிகிச்சையையும் நான் எடைபோடுவது இரண்டு கேள்விகளால்: நிறுத்தினால் என்ன ஆகும்? அன்றாட வாழ்க்கையில் எவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொள்ளும்?

ஒன்றிரண்டு சிறு வட்டங்கள் மட்டும் என்றால் காத்திருப்பதும் ஒரு நியாயமான வழி. பெரும்பாலானோருக்கு ஓராண்டுக்குள் தானாகவே முடி வளர்ந்துவிடும். எண்ணெய்க்கும் வெங்காயச் சாற்றுக்கும் இவ்வளவு நல்ல பெயர் கிடைப்பது இதனால்தான் என்பது என் எண்ணம். தானாக வளரவிருந்த முடிக்கு, அந்த நேரத்தில் தேய்த்தது பெயர் வாங்கிக்கொள்கிறது.

காத்திருக்க மனமில்லாத பெரியவர்களுக்கு ஊசிதான் என் முதல் தேர்வு. ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டை வட்டத்துக்குள் சுமார் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் துளித்துளியாகப் போடுவார்கள். ஊசி இறங்கும் இடமெல்லாம் தோல் சின்னதாக உப்பி எழும். உச்சந்தலையில் தாங்கிக்கொள்ளலாம், நெற்றியோரத்தில் சுரீரென்று இருக்கும். நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை போட்டால் போதும், மற்ற நாட்களில் அதை மறந்துவிடலாம். முதலில் தலைகாட்டுவது பெரும்பாலும் வெள்ளை முடி, நிறம் பிறகு வரும். அளவு மிஞ்சினால் அந்த இடத்தில் தோல் குழிந்துபோகும். பெரும்பாலும் மெல்ல நிரம்பிவிடும். ஆனால் தலை முழுக்கக் கொட்டியவருக்கு இது நடைமுறைக்கு ஒத்துவராது.

பரவலாகக் கொட்டியவர்களுக்கு, எதிர்ப்பு அணுக்களின் தாக்குதலை அடக்கும் ஜேஏகே தடுப்பு மாத்திரைகள் வருவதற்கு முன்பு கையில் இருந்த முக்கியமான ஆயுதம் டிபிசிபி என்ற ரசாயனம். அதைப் பூசி வேண்டுமென்றே தலையில் ஒவ்வாமையை உண்டாக்கும் முறை இது. முதலில் ஒரு சிறு இடத்தில் 2 சதவீதக் கரைசல், பிறகு மிக மிக நீர்த்த கரைசலில் தொடங்கி வாரம் ஒருமுறை. பூசியபின் 48 மணி நேரம் வெளிச்சம் படாமல் தலையை மூடி வைத்திருந்து, பிறகு கழுவ வேண்டும். அரிப்பும் சிவப்பும் இதன் பக்கவிளைவு அல்ல, அவற்றை வரவழைப்பதுதான் சிகிச்சையே. கழுத்தில் நெறிகட்டவும் செய்யும். மாதக்கணக்கில், வாரம் தவறாமல் இதற்கு நேரம் ஒதுக்கக்கூடியவருக்கு மட்டுமே சரிப்படும்.

இந்த ஜேஏகே மாத்திரைகளில் பாரிசிட்டினிபுக்கு 2022-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஒப்புதல் தந்தது. 2023-இல் 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ரிட்லெசிட்டினிப், 2024-இல் பெரியவர்களுக்கு டியூருக்சோலிட்டினிப். பாதித் தலைக்கு மேல் முடி இழந்தவர்களிடம் நடந்த பாரிசிட்டினிப் ஆய்வுகளில், கூடுதல் அளவு எடுத்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு 36 வாரத்தில் தலையின் 80 சதவீதமாவது முடி மூடியது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அப்படி ஆனவர்கள் 100-க்கு மூன்று முதல் ஆறு பேர். சிறு வட்டத்துக்குக் காத்திருப்பதும் இந்த நிலையில் காத்திருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

ஆனால் நிறுத்தினால் பலருக்கு முடி மறுபடி கொட்டுகிறது. தீவிரத் தொற்று, ரத்தக்கட்டி, இதய நோய், புற்றுநோய் பற்றிய எச்சரிக்கைகளும் உண்டு. காசநோய், கல்லீரல் அழற்சிப் பரிசோதனைகளை முடித்துத்தான் தொடங்க வேண்டும். கருத்தரிக்கும் எண்ணம் இருந்தால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

விக் வைப்பதையும், மழித்துவிட்டு அப்படியே நடமாடுவதையும் தோல்விக் கணக்கில் சேர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ரத்தப் பரிசோதனையும் வேண்டாம், நிறுத்தினால் என்ன ஆகுமோ என்ற பயமும் வேண்டாம். ஆனால் புருவமும் இமை முடியும் மூக்கு முடியும் போனவருக்கு விக் மட்டும் போதாது. வியர்வையும் தூசியும் நேரே கண்ணில் இறங்கும், குனிந்தால் மூக்கு ஒழுகும். தலையைப் பற்றிக் கவலைப்படாதவர்கள்கூட இதற்காக மாத்திரையைக் கேட்டால், அந்தக் கோரிக்கையை அழகு சம்பந்தப்பட்டது என்று மருத்துவர் ஒதுக்கக் கூடாது.