டர்பன் துறைமுகத்தில் சுறா ஏற்றுமதி அனுமதி: ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் பெற்ற அனுபவம்

நீலச் சுறா இறைச்சியை உறையவைத்துக் கப்பலில் அனுப்பும் சிறு தொழில் எங்களுடையது. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமான சைட்டிஸின் மாநாடு 2022இல் பனாமாவில் கூடி, நீலச் சுறா அடங்கிய குடும்பம் முழுவதையும் இரண்டாம் பின்னிணைப்பில், அதாவது அனுமதியோடு மட்டுமே வணிகம் செய்யக்கூடியவற்றின் பட்டியலில், சேர்த்தது. அது 2023 நவம்பரில் நடைமுறைக்கு வந்ததும், இன்வாய்ஸில் ‘சுறா’ என்று ஒற்றைச் சொல் எழுதி அனுப்பிய காலம் முடிந்தது. துடுப்புக்கு மட்டுமே கட்டுப்பாடு என்று நினைப்போர் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். இறைச்சிக்கும் அனுமதி வேண்டும்.

சுங்க, துறைமுக ஆவண வேலைகளுக்காக நாங்கள் நாடிய கிளியரிங் ஏஜெண்ட் அலுவலகம், வேலையைக் கண்டெய்னரில் தொடங்காமல் மீன் இறங்கும் இடத்திலேயே தொடங்கியது. கட்டணம் பேசுவதற்கு முன்பே, எந்தப் படகு, எந்தக் கடற்பகுதி, மீனின் அறிவியல் பெயர் என்ன என்று கேட்டார்கள். 200 கடல் மைலுக்கு அப்பால், எந்த நாட்டுக்கும் உரிமையில்லாத கடலில் பிடித்த மீனுக்குத் தனிச் சான்றிதழ் தேவைப்படும் என்பதை எங்களுக்குச் சொன்னவர்கள் இவர்களே. தலையும் துடுப்பும் நீக்கித் துண்டாக்கிய பின் நீலச் சுறா எது, மாக்கோ என்னும் வேறு வகைச் சுறா எது என்று கண்ணால் உறுதியாகச் சொல்ல முடியாது. மரபணுச் சோதனைக்குத்தான் போக வேண்டும். “கத்தி படுவதற்கு முன் படம் எடுத்துவிடுங்கள், தம்பி” என்று அங்குள்ள அக்கா எங்கள் ஆட்களிடம் வற்புறுத்தியதோடு, சுத்தியல் போன்ற தலையுடைய கொம்பன் சுறாவின் உயர்ந்து ஒடுங்கிய முதுகுத் துடுப்பையும், பெருங்கடல் வெண்முனைச் சுறாவின் முனை வட்டமாக வெளுத்த துடுப்பையும் படங்களில் காட்டிப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே இவர்களைப் பாராட்டுகிறேன்.

குறையும் உண்டு. மீன் சட்டப்படி பிடிக்கப்பட்டதா என்பதை மேலாண்மை அதிகார அமைப்பு பார்க்கிறது. இந்த ஏற்றுமதியால் கடலில் அந்த இனம் நிலைத்திருப்பதற்குக் கேடு வராது என்று அறிவியல் அதிகார அமைப்பு தெரிவிக்க வேண்டும். அந்த ஆய்வை எந்த ஏஜெண்டாலும் விரைவுபடுத்த முடியாது, விரைவுபடுத்தவும் கூடாது. பட்டுச் சுறாவையும் நெடுவால் சுறாக்களையும் பட்டியலில் சேர்த்த 2016ஆம் ஆண்டு மாநாடு நம் ஜோகன்னஸ்பர்க்கில்தான் நடந்தது என்பதால், இங்கே இந்த ஆய்வு பெயரளவுக்கு நடப்பதை நான் விரும்பவில்லை. ஆனால் பத்து நாளில் அனுமதி கிடைக்கும் என்று இவர்கள் சொன்னதை நம்பி, குளிர்க்கிடங்குக்கு ஆறு வார வாடகை கட்டினோம்.

கட்டணம் மற்ற இருவர் கேட்டதைவிட அதிகம். ஆயினும் பெட்டியைத் திறந்து பார்த்த சுங்க அலுவலரின் கேள்விகள் அனைத்துக்கும் கோப்பில் விடை இருந்ததால், அடுத்த சரக்கையும் இவர்களிடமே ஒப்படைத்திருக்கிறேன். இம்முறை அனுமதி கைக்கு வந்த பிறகே கப்பலில் இடம் பதிவு செய்யச் சொல்லியிருக்கிறேன்.