இணைய வசவைப் பிடிக்க எஸ்விஎம்மா, பெர்ட்டா, எல்எல்எம்மா?

கெட்ட வார்த்தைப் பட்டியல் போட்டுத் தடுப்பதை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். ‘சிரிச்சே செத்தேன்டா’ என்று நண்பன் எழுதினால் தூக்கிவிடும்; ‘நீ இல்லாத குரூப் போட்டோதான் அழகா இருக்கு’ என்பதை விட்டுவிடும்.

ஒவ்வொரு சொல்லும் எவ்வளவு முக்கியம் என்று எண்ணாகச் சொல்கிற டிஎஃப்-ஐடிஎஃப் கணக்கை எடுத்து, அதை வைத்து வசவா இல்லையா என்று வகை பிரிக்கிற எஸ்விஎம்மில் போடுவது பழைய வழிதான், ஆனாலும் சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும், எந்தச் சொல்லுக்கு எவ்வளவு எடை கொடுத்திருக்கிறது என்று திறந்தும் பார்க்கலாம். முழுச் சொல்லாக இல்லாமல் மூன்று நான்கு எழுத்துத் துண்டுகளாக வெட்டிக் கொடுத்தால், வேண்டுமென்றே எழுத்தை மாற்றிப் போட்ட வசவும் பெரும்பாலும் சிக்கும். கிண்டல்தான் இதற்கு எட்டாது.

2018-இல் கூகுள் வெளியிட்ட, ஒரு சொல்லை முன்பின் சொற்களோடு சேர்த்துப் படிக்கிற பெர்ட் என்ற மொழி மாடல் அங்கேதான் முந்துகிறது. ‘என்னை எல்லாரும் முட்டாள்னு சொல்றாங்க’ என்று புலம்புகிறவரையும் ‘நீ முட்டாள்னு எல்லாருக்கும் தெரியும்’ என்கிறவரையும், நல்ல பயிற்சித் தரவு கொடுத்தால், பிரித்துப் பார்க்கும். (பாதிக்கப்பட்டவரின் பதிவையே நீக்குவதைவிடக் கொடுமை வேறு இல்லை.) பெர்ட்டின் பன்மொழி வடிவத்தில் 104 மொழிகள், தமிழும் உண்டு. ஆனால் நம் ஆட்கள் பாதிப்பேர் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். அதற்கு, அப்படி எழுதிய வாக்கியங்களையும் சேர்த்துப் பழக்கிய, இந்திய மொழிகளுக்கான ‘மியூரில்’ என்ற மாடல் பொருத்தம்.

எல்எல்எம் என்பது சாட்ஜிபிடி போன்றவற்றுக்குப் பின்னால் இருக்கும் பெரிய மொழி மாடல். அதனிடம் தனிப் பயிற்சி இல்லாமலே வேலை வாங்கலாம், காரணமும் சொல்லும். சரி, ஆனால் ஒவ்வொரு கமென்ட்டுக்கும் செலவு, தாமதம், கேள்வியைக் கொஞ்சம் மாற்றினால் பதிலும் மாறும். மற்ற இரண்டும் சந்தேகப்பட்டு நிறுத்தியதை மட்டும் இதனிடம் அனுப்புவேன்.

இந்த மூன்றையும் பெரும்பாலும் ஒற்றை கமென்ட்டை வைத்துத்தான் சோதிக்கிறார்கள் என்பதுதான் எனக்கு உறுத்தல். ‘வந்துட்டாருய்யா’ என்று ஒருமுறை எழுதினால் கேலி, அதையே இருபது பேர் ஒருவரின் எல்லாப் போட்டோவுக்குக் கீழேயும் வாரக்கணக்கில் போட்டால் துன்புறுத்தல். யார், யாருக்கு, எத்தனை முறை, எவ்வளவு நேரத்துக்குள் என்ற நாலு தகவலைச் சேர்த்துக் கொடுத்த எஸ்விஎம்மை, அது எதுவும் தெரியாத பெர்ட்டைவிட நான் நம்புவேன்.

அப்புறம், 95 சதவீதத் துல்லியம் என்று யாராவது காட்டினால் மயங்கவேண்டாம். நூறு கமென்ட்டில் ஐந்துதான் வசவு என்றால், எல்லாமே நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் அதே 95 வந்துவிடும். அந்த ஐந்தில் எத்தனையைப் பிடித்தது என்று கேளுங்கள்.